கட்டைவிரல் தழும்பு

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். நீலச் சுடிதார் காயவில்லை. விசிறிக்குக் கீழே போட்டிருக்கிறேன். நாளை மறுநாள் படப்பிடிப்பு, குற்றாலத்தில்.

உளவாளி பற்றிய வெப் சீரிஸ். உளவாளி ஒரு தென்காசிப் பெண். ஊர் முகங்கள்தான் வேண்டும் என்று போன மாதம் ஆள் தேர்வு வைத்தார்கள். எனக்குக் குரலே வரவில்லை. ஆனாலும் இயக்குநர் சிரித்தார். "உளவாளி வீட்டுப் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும். கூட்டத்துல நின்னா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். நாயகியின் தங்கை வேடம். இரண்டு வசனம்.

அம்மா பீடிக்கடை முழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு மேரி அக்கா, மடியில் பீடித் தட்டோடு: "ஏட்டி உளவாளி, எங்க வீட்டுல சீனிய எவ திங்குதான்னு மொதல்ல கண்டுபிடி பாப்போம்!"

ஜூலை 10, வியாழன்

சுடிதார் ஈரத்தோடே போனேன்.

நாயகி மும்பைக்காரர். பால் நிறம். மேக்கப் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "கையை நீட்டும்மா" என்றார். மூன்று பழுப்புச் சாயங்களை என் முழங்கையில் தடவிப் பார்த்தார். மூன்றாவது, தடவிய இடமே தெரியவில்லை. "இதுதான்!" அதை நாயகிக்குப் பூசினார்கள். முகம், கழுத்து, கை, காது மடல் வரை.

பிறகு இயக்குநர் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. அக்கா தங்கச்சின்னா ஜாடை ஒத்துப்போகணும்ல." தங்கை வேடத்துக்கும் மும்பையிலிருந்து ஒரு பெண். அவளுக்கும் மூன்றாவது பழுப்பு.

"சரிங்க சார்." பட்டம் வாங்கியும் வாயில் வருவது இது ஒன்றுதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வரும் வழியில் வாழைக்காய் வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி கூப்பிட்டார்கள். கை மட்டும் வேண்டுமாம்.

நாயகி ஊக்கால் பூட்டைத் திறக்க வேண்டும். விரல் தடுமாறுகிறது. "நீ செய்" என்றார்கள். பீடி சுற்றிய விரல், சட்டென்று முடிந்தது. பிறகுதான் மானிட்டரில் பார்த்தார்கள், இடது கட்டைவிரலில் தழும்பு. திரும்ப எடுக்க நேரமில்லை, மழை வலுக்கிறது. மேக்கப் அண்ணன் என் விரலைப் போனில் படம் பிடித்து, நாயகியின் விரலில் அதே தழும்பை வரைந்தார்.

இயக்குநருக்கு ஒரே குஷி. "ஆயுதப் பயிற்சியில பட்டதுன்னு வச்சுக்கலாம்!"

கல்லூரி இரண்டாம் வருடம். ஃபீஸ் கட்ட ராவும் பகலுமாக பீடி இலை வெட்டியபோது கத்திரி இறங்கியது.

நாயகி கேட்டார், அதனால் சொன்னேன். அவர் மட்டும்தான் கேட்டார். என் விரலைப் பிடித்துக்கொண்டு "ஸாரி" என்றார். எதற்கென்று தெரியவில்லை. அவர் சாயம் என் கையில் ஒட்டியது. ஒட்டியதே தெரியவில்லை. என் நிறம்தானே.

பேருந்தில் அழுதேன். ஜன்னல் ஓரம், சாரல். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

வெயில். அரிசி புடைத்தேன். தலைவலி.

டீசர் வந்துவிட்டது. யூடியூபில் ஒருவர்: "தென்மாவட்டத்துக் கறுப்புப் பொண்ண ஹீரோயினா காட்ட ஒரு தைரியம் வேணும் மக்களே!" கீழே எல்லாரும் கைதட்டல் பொம்மை.

நான் மறைத்து வைத்தும், மேரி அக்கா மகள் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். துப்பாக்கியைப் பிடித்த கை, பெரிதாக. அம்மா நிறுத்தினாள்.

"ஏ மேரி, இங்கன பாரு! எம் புள்ள கை! அந்தா, கத்திரி பட்ட தடம்!"

"ஆமா, அச்சு அசல் இவ கைதான்!"

அது நாயகியின் கை. என்னுடையது டீசரில் இல்லவே இல்லை.

அம்மா திரையில் அந்தத் தழும்பைத் தடவினாள். அன்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டபோது தடவியது போலவே. கண் கலங்கியிருந்தது.

"மூஞ்சி எப்பம்ட்டி வரும்?"

"வரும்மா."

மறுபடி முதலிலிருந்து போட்டாள்.