கங்காணி மகன் நெஞ்சில் கட்டிய துணி

பாசத்தையும் பயத்தையும் சேர்த்தே நான் கூப்பிட்டுப் பழகிய அப்பாவுக்கு,

நீங்கள் தாத்தாவாகிவிட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பெண் குழந்தை. மூக்கு அப்படியே உங்களுடையது. குரல் மட்டும் இன்னும் வரவில்லை, பூனைக்குட்டி போலத்தான் அழுகிறாள். கங்காணி பேத்தி என்று சொன்னால் மலையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவசரக்காரி, நாள் ஆவதற்கு முன்பே வந்துவிட்டாள். என் இரண்டு கைக்குள் அடங்கிப் போனாள். "நெஞ்சோட ஒட்டி வச்சிருங்க, ஒங்க ஒடம்புச் சூடுதான் இவளுக்கு மருந்து" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் நிறை கூடாவிட்டால் மறுபடியும் வார்டுதான் என்றும் சொன்னார்கள். உங்கள் மருமகள் மைதிலிக்கு வயிற்றில் தையல், எழுந்து உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே பகலில் பாதி நேரம் என் நெஞ்சுதான். லிந்துலையில் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

விஷயம் கேட்டதும் தங்கச்சி கொழும்பிலிருந்து ஒரு துணி அனுப்பினாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணி. பனியன் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எவ்வளவு நீளம் என்கிறீர்கள்? நம் லயத்துக் காம்பரா அறைக்குள் விரித்தேன், இஸ்தோப்புத் திண்ணையையும் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது. அம்மா அதைப் பார்த்து, "இது புள்ளைக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டார்.

இங்கேதான் உங்கள் மகன் ஒரு காரியம் செய்தான். துணியைச் சுற்றிக்கொண்டு குழந்தையை உள்ளே வைத்ததும் என் காதில் உங்கள் குரல். "அமுக்காத புள்ள, கொழுந்து சூடேறிப்போகும்!" கூடைக்குள் தேயிலைக் கொழுந்தைத் திணிக்கும் பெண்களைப் பார்த்து வாழ்நாள் முழுக்க நீங்கள் போட்ட சத்தம். அதைக் கேட்டே வளர்ந்தவன் பச்சைக் குழந்தையை இறுக்கிக் கட்டுவேனா? காற்றோட்டமாக, கூடை மாதிரி தளர்வாகக் கட்டினேன். அடுப்புக்கு விறகு எடுக்கக் குனிந்து நிமிர்ந்திருப்பேன், மைதிலி அலறினாள்.

"என்னங்க! புள்ள மூஞ்சியக் காணோம்!"

துணிக்குள் வயிறு வரை சரிந்து, தாடை நெஞ்சில் மடங்கிக் கிடந்தாள். எடுத்த பிறகுதான் மூச்சுவிட்டு அழுதாள். துணியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன். மூன்று நாள் அவளைத் தொடக்கூட இல்லை, அப்பா. மைதிலிதான் தையல் வலியோடு சுமந்தாள்.

அந்தப் பயத்தில் அம்மாவிடம் கேட்டேன், அப்பா என்னை எப்படித் தூக்குவார் என்று.

"எங்க தூக்குனாரு? முப்பது நாள் தீட்டு கழியிற வரைக்கும் வாசப்படிய தாண்ட மாட்டாரு. வெளிய நின்னுக்கிட்டே 'அழுதானா'ன்னு கேட்டுட்டுப் போயிருவாரு. முப்பது கழிஞ்ச பொறகும் பயம். 'என் கை மொரடு, வேணாம்'னுருவாரு."

நீங்களா பயந்தீர்கள்? இருநூறு பேரை மலையில் வேலை வாங்கிய கங்காணி நீங்களா?

நான்காம் நாள் மருத்துவிச்சி மிஸ்ஸி வந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த துணியை இழுத்தார். நான் கட்டிக் காட்டியதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி இது, தொங்கப் போட்டு வச்சிருக்கீங்க? இறுக்குங்க. இன்னும் இறுக்குங்க. நீங்க குனிஞ்சா உச்சியில முத்தம் குடுக்குற ஒசரத்துல இருக்கணும். தாடை நிமிந்து இருக்கணும். மூக்கு எப்பவும் ஒங்க கண்ணுக்குத் தெரியணும்."

இறுக்கினேன். அவள் ஒரு பெருமூச்சு விட்டு என் மேலே ஒட்டிக்கொண்டாள். அவளுடைய மூச்சா என்னுடைய மூச்சா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து மைதிலி பால் கொடுக்கும்போதும் நான் குளிக்கப் போகும்போதும்தான் இறக்கினேன்.

கிளினிக் நாளன்று அவளைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களம் வழியாகவே இறங்கினேன். உங்கள் பழைய ஆட்கள் எல்லாரும் காலைப் பெரட்டுக்கு, பேர் கொடுக்க நின்றிருந்தார்கள். கூச்சத்தில் காது சுட்டது. பாக்கியம் அக்கா விடவில்லை.

"பாருங்கடி, கங்காணி மவன் கூடைய முன்னாடி கட்டிக்கிட்டு வாராரு! தம்பி, அமுக்காதீங்க, கொழுந்து சூடேறிப்போகும்!"

களமே சிரித்தது. உங்கள் சத்தத்தை உங்கள் மகனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"இது சூடேற வேண்டிய கொழுந்து, அக்கா" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து அவள் உச்சியைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நீங்கள் கொழுந்து நிறுக்கும்போது ஊசி நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டீர்களே, கிளினிக் தராசின் முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். நிறை கூடியிருந்தது. வார்டு வேண்டாம் என்றார்கள். அத்தனை பெண்களும் பார்க்க, நின்ற இடத்திலேயே அழுதேன்.

திரும்பி ஏறும்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் இதே பாதையில்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சவப்பெட்டியின் முன்பக்கம் என் தோளில். என் முப்பத்தொரு வயதில் அன்றுதான் முதன்முதலாக நீங்கள் என் மேலே சாய்ந்தீர்கள். நமக்குள் அதற்கு அவ்வளவு காலம் ஆனது. உங்கள் மேல் கோபமில்லை. வாசற்படியில் நின்று "அழுதானா" என்று கேட்ட மனுஷனை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அப்பா. இவளை அவ்வளவு காலம் காத்திருக்க வைக்க மாட்டேன். என் கையும் முரட்டுக் கைதான். இருந்தாலும் தூக்குவேன்.

இப்படிக்கு,
நீங்கள் தூக்கப் பயந்த மகன்,
இதோ என் நெஞ்சில் தூங்கும் உங்கள் பேத்தியின் அப்பா.