காதுக்குப் பின்னால் ஒரு பரீட்சை

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே மூவரும் உடம்பால் நலம், மனத்தாங்கல்தான் கொஞ்சம் கூடுதல். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே.

உன் தங்கை தாடையில் வளரும் முடியை லேசரில் எடுக்கப்போவது உனக்குத் தெரியும். முகத்தில் செய்யுமுன் தோல் தாங்குகிறதா என்று பார்க்க, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு இடத்தில் மட்டும் செய்து, இரண்டு வாரம் எதையும் தடவக் கூடாது என்று கிளினிக் நர்ஸ் சொல்லி அனுப்பினாள். அந்த இடம் இவள் கண்ணுக்குத் தெரியாதே, அதனால் தினமும் காலையில் அப்பாவிடம் காதைக் காட்டி எப்படிப்பா இருக்கு என்று கேட்பாள், அவரும் நல்லாத்தான் இருக்கு, தண்ணியில துடைச்சு விடறேன், ஆடாம நில்லு என்று பஞ்சும் கையுமாக நிற்பார். இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்கில் காட்டினாள், சிவப்பில்லை, தடிப்பில்லை, வெள்ளிக்கிழமை முகத்துக்கு நாள் குறித்தாயிற்று. அன்று சாயங்காலம் உன் அப்பா என்னிடம் மெதுவாக, மூன்றாம் நாளே சிவந்து தடித்துவிட்டது, என் அரிப்புக்கு டாக்டர் கொடுத்த களிம்பைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்து அமுக்கிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறார். ஏன் என்று கேட்டால், பரீட்சைன்னு சொன்னாங்க, புள்ள பாஸாகட்டுமேன்னு பார்த்தேன் என்கிறார். முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்தவளுக்கு வாய்த்த புருஷனைப் பார். பால் பொங்குகிறதா என்று பார்க்க ஆளை நிறுத்தினால், பொங்கியதைத் துடைத்துவிட்டுப் பொங்கவேயில்லை என்று சொல்வது என்ன கெட்டிக்காரத்தனம். காதுக்குப் பின்னால் தோல் வெந்து கருத்தால் கூந்தல் மறைக்கும், முகம் கருத்தால் எதைக்கொண்டு மறைப்பாள்.

நானே கிளினிக்குக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். நாள் ரத்து, மற்றக் காதில் மறு பரீட்சை. புது வேலையில் சேருமுன் முடித்துவிடலாம் என்றிருந்தவளுக்கு என்மேல்தான் கோபம். என் மூஞ்சிக்கு நீ எதுக்கும்மா தேதி மாத்தறே என்றாள். களிம்பு தடவியவருக்கோ, பாவம்மா, ஆசையில பண்ணிட்டார் என்று வக்காலத்து. போட்டுக்கொடுத்தவள் நான் ஒருத்திதான் இந்த வீட்டில் வில்லி.

மறு பரீட்சைக்கு இன்று மூன்றாம் நாள். காலையில் வந்து என் முன்னால் காதைத் திருப்பினாள். சிவந்து தடித்திருக்கிறது என்றேன். கூந்தலை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, நீயே தினம் பாரும்மா என்றாள்.

நீ அவளிடம் பேசு, ஒன்றுமில்லை சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லாதே, அதைச் சொல்ல இங்கே ஒருவர் இருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள். அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதால் அவருடையதையும் நானே சேர்த்து எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: களிம்பு டியூப் என் சிவப்புப் பேனா டப்பாவுக்குள் இருக்கிறது. அப்பா போனில் கேட்டால் உனக்குத் தெரியாது.