படத்தில் நான் அழித்த நாக்கு

இன்று காலை வேலைக்கு வந்தபோது டாக்டர் என் மேசையில் ஒரு தாளை வைத்திருந்தார். பழைய ஸ்கேனரை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார்களாம், புதியது வருகிறதாம். அதற்குள் இயந்திரத்தில் இருக்கும் பல் படங்களில் எதைப் புதியதற்கு மாற்றவேண்டும், எதை அழிக்கவேண்டும் என்று இரண்டு வரிசை எழுதியிருந்தார். அழிக்கவேண்டிய வரிசையில் முதலாவதாக ‘டெஸ்ட் 1’ என்று இருந்தது. அது நீதான்.

தோளிலிருந்து பையைக்கூட நான் இறக்கவில்லை. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியா வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து, அங்கே மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்கி, மாடி ஏறிய கால். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் உட்கார எனக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

கவுண்டரில் உன் நாற்காலியில் இப்போது வேறொரு பெண் இருக்கிறாள். நல்ல பெண், மெதுவாகப் பேசுகிறாள். நீ இருந்த பதினெட்டு வருடமும் நீ வெளியே பேசுவது உள்ளே வாயைத் திறந்து படுத்திருப்பவருக்குக் கேட்கும். பல்லுக்குப் பிரேஸ் கம்பி போட்ட தமிழ்ப் பிள்ளைகளை, “ரப்பர் மாட்டுறியா இல்லையா? பொய் சொல்லாத லா, பல்லு காட்டிக் குடுத்துரும்” என்று நீ மிரட்டி மிரட்டியே நம் சீன டாக்டருக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. இப்போது கிளினிக் அமைதியாக இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

அந்த ஸ்கேனர் வந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். பல் அச்சு எடுக்கும் பழைய முறை சொர்க்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. புதினா வாசம் அடிக்கும் மாவைக் குழைத்து, தட்டில் அப்பி, பிள்ளைகளின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்போம். எத்தனையோ பேர் என் கைமேலேயே வாந்தி எடுத்திருக்கிறார்கள். அப்புறம் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, பல்வரிசை செய்து, பெயர் எழுதி, பெட்டி பெட்டியாக அடுக்கி, இடமில்லாமல் கழிப்பறை அலமாரி வரைக்கும் பல்லாகத்தான் கிடந்தது. ஸ்கேனர் வந்ததும் அதற்காகக் கண்ணீர் விட்டவர் யாருமில்லை.

எனக்குக் கண்ணீர் வந்தது பயத்தால். டார்ச் லைட் அளவு கேமராவை ஒவ்வொரு பல்லாக நகர்த்திக்கொண்டு போகவேண்டும், திரையில் பல்வரிசை தானாக வளர்ந்துகொண்டு வரும். எச்சில் தேங்கினாலோ, கை நடுங்கினாலோ, நாக்கு குறுக்கே வந்தாலோ படம் கிழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இரண்டு வாரத்தில் எல்லாரும் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார் டாக்டர். என்னைப்போல் உதவியாளராக இருந்த, என்னைவிட இருபது வயது சின்னவள் ஒருத்தி மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் நான் ஐந்து பேர் வாயில் முயன்றேன், ஐந்தும் கிழிந்தது. ஆறாவதும் கிழிந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உன்னிடம்தான் சொன்னேன்.

அது நோன்பு மாதம். நீ மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராக உள்ளே வந்து நாற்காலியில் ஏறிப் படுத்தாய்.

“உன் மெஷினுக்கு ஈரம் ஆவாது. எனக்கு நோன்பு, வாய் வறண்டுதான் கெடக்கு. என்னையப் புடி புள்ள.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ சொன்னது முழுக்கச் சரி. காற்றுக்குழாயை வைத்து ஊதவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மேல்வரிசை ஒரே ஓட்டத்தில் வந்தது. கீழே முன்பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்று காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்குமே உன் இரண்டு பல், அதுவும் வந்தது. இடதுபக்கம் பின்னால் போனபோதுதான் நீ முகத்தைச் சுளித்தாய். கையைத் தூக்கி என்னை நிறுத்தினாய்.

“மெதுவா புள்ள. அந்தப் பக்கம் நாக்குல ஒரு புண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஆறல.”

நான் என்ன செய்திருக்கவேண்டும்? கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். கண்ணாடி என் கைக்கு எட்டும் தூரத்தில் தட்டில் கிடந்தது. திரையில் படம் பாதியில் நின்றிருந்தது. என் கண் அதில் இருந்தது.

“நோன்புச் சூடு. தொறந்ததும் எளநீ குடி, சரியாயிரும். இப்ப நாக்க ஆட்டாத” என்றேன்.

நீ ஆட்டவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்தாய், என் வேலை போகக்கூடாது என்று. படம் முழுதாக வந்தது. ஓரத்தில் உன் நாக்கு இரண்டு மூன்று இடத்தில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. பல்லும் ஈறும் மட்டும்தான் இருக்கவேண்டும், மற்றதெல்லாம் குப்பை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மௌஸை வைத்து வட்டம் போட்டுப் போட்டு அழித்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் எடுத்ததில்லை என்றார். சேமிக்கத் தகுந்த என் முதல் படம், அதனால் ‘டெஸ்ட் 1’.

அதற்கப்புறம் அந்தப் படத்துக்கு வந்த மவுசைச் சொல்லவேண்டும். பிரேஸ் போட்டால் பல் எப்படி வரிசையாகும் என்று பெற்றோருக்குக் காட்ட, டாக்டர் உன் கீழ்த்தாடையைத்தான் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தினால் கோணல் பல் இரண்டும் மெல்ல நகர்ந்து வரிசையில் நிற்கும். முதல்முறை பார்த்தபோது நீ வாயில் கைவைத்துக்கொண்டு, “யாரு புள்ள இது? இவளை எங்க வீட்டுக்காரரு கட்டியிருக்க மாட்டாரு” என்றாய். நீ அதைச் சொன்ன நாளிலும் புண் ஆறியிருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பெருநாளுக்கு எங்களுக்கெல்லாம் பிரியாணி கொண்டுவந்தாய். நீ மட்டும் வெறும் சோற்றைத் தயிரில் பிசைந்து சாப்பிட்டாய், காரம் எரிகிறது என்று. சமைத்தவளுக்கே பயமா, அப்படி என்ன போட்டாய் என்று நான் கேலி செய்தேன். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் காலை முதல் மாலை வரை அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். ஒருத்தரும் உன்னை வாயைத் திற என்று சொல்லவில்லை. விளக்கடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

நீயும்தான். டாக்டரிடம் காட்டு என்று கடைசியில் நான் சொன்னபோது, அவர் பல் டாக்டர், நாக்குக்கு எதற்கு அவரைத் தொல்லை பண்ணவேண்டும் என்றாய். பதினெட்டு வருடம் அங்கே வேலை பார்த்த உனக்கும் பல் வேறு, நாக்கு வேறு என்று ஆகியிருந்தது. நீ அரசாங்கப் பாலிகிளினிக்குக்குப் போனபோது நோன்பு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதற்குமேல் நடந்தது உனக்குத் தெரியும், உன் உடம்பில்தான் நடந்தது.

அறுவை முடிந்து பத்தாம் நாளோ என்னவோ நான் வந்தேன். நாக்கில் பாதி இல்லை. அவ்வளவு பேசுகிற நீ, பேச்சு வராமல் போனில் தட்டித் தட்டிக் காட்டினாய். புதிதாகக் கவுண்டருக்கு வந்தவள் எப்படி என்று கேட்டாய். என் முட்டிவலி எப்படி என்று கேட்டாய். நான் கிளம்பும் நேரத்தில் இன்னொன்றைத் தட்டி என் பக்கம் திருப்பினாய்.

“அன்னிக்கு உன் மெஷின்ல அது தெரிஞ்சுச்சா புள்ள?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இல்ல. அது பல்ல மட்டும்தான் பாக்கும்.”

நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

படத்தைப் பார்த்துவிட்டு நான் அந்தப் பதிலைச் சொல்லவில்லை, பார்க்காமலேயே சொன்னேன். பார்க்க முடியும் என்பதும் எனக்குத் தெரியும். நாம் என்னதான் அழித்தாலும், அழிப்பதற்கு முன்பிருந்த மூலப்படத்தை இயந்திரம் தனியாக வைத்திருக்கும். நீ போன வருடம் போய்ச்சேர்ந்தாய், அதற்குப் பிறகும் நான் அதைத் திறக்கவில்லை. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் கேள்வி கேட்டது சாமியார் இல்லையே, நீதானே.

வெள்ளிக்கிழமை அந்த இயந்திரம் போய்விடும், பதிலும் அதோடு போய்விடும். அதனால் இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன்.

உன் பல் வந்தது. அந்தக் கோணல் இரண்டும் வந்தன. இடதுபக்கம் பின்னால், நான் வட்டம் போட்டு அழித்த நாக்குத் துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. நான் திருப்பிப் பார்த்தேன். ஒரு துண்டின் ஓரத்தில், சிவப்புக்கு நடுவில், வெள்ளையாக, விளிம்பு தடித்து, ஒரு அரிசி அளவுக்கு இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டேன். யார் படம் என்று சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது, ஸ்கேனர் இதற்காகச் செய்ததில்லை, மாதக்கணக்காக இந்தப் பல்லை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தவன் நான், நானும்தானே பார்க்கவில்லை என்றார். எனக்காகத்தான் சொன்னார், தெரிகிறது. ஆனால் அவரிடம் நீ புண் இருக்கிறது என்று சொல்லவில்லை. என்னிடம் சொன்னாய்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நாக்குப் புண்ணுக்கு வேண்டும். அது என் தட்டில் இருந்தது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: தெரிந்தது. அன்று நான் சொன்னது பொய். மூன்று மாதம் முன்பே பார்த்திருந்தால் நீ இப்போது கவுண்டரில் இருப்பாயா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். அவருக்கு அதில் ஒரு நிம்மதியும் இல்லை, எனக்கு மட்டும்தான் பாரம் இறங்கும். அதனால் சொல்லப்போவதில்லை. உன்னிடம்தான் சொல்லவேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன். களைப்பு கொஞ்சமும் குறையவில்லை.

‘டெஸ்ட் 1’ஐ நிச்சயமாக அழிக்கவா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அதற்குப் பிறகு மூன்று மணிக்கு ஒரு சிறுமி வந்தாள், பன்னிரண்டு வயது இருக்கும். அவள் அம்மாவுக்கு அவசரம், டியூஷனுக்குப் போகவேண்டுமாம். உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் செய்வதைத்தான் அவளுக்கும் செய்தேன். ஸ்கேனரைத் தொடுவதற்கு முன், வாயில் எங்கேயாவது புண் இருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து, விளக்கை இழுத்து, இடதுபக்கமும் வலதுபக்கமும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, நல்ல நாக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்று கவுண்டர் பெண் முன்பு அலுத்துக்கொள்வாள், இப்போது அவளே நேரத்தைத் தள்ளிப்போட்டு எழுதுகிறாள்.

வரப்போகும் புது ஸ்கேனரைப் பற்றி விற்பனைக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். நாக்கு, கன்னம், விரல் எது குறுக்கே வந்தாலும் அதுவே கண்டுபிடித்து அழித்துவிடுமாம், நான் கைவைக்கவே வேண்டாமாம். திரையில் பல் மட்டும்தான் வருமாம். சரி என்றேன். இனிமேல் அது அழிப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடவேண்டும், அவ்வளவுதான்.