பார்த்துக்கொண்டிருப்போம்

மார்ச் 4
காலை முழுக்க ஆய்வுக்கூடம், மதியம் நோயாளிகள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் என்றாலே உடனே கத்தியை எடுக்க வேண்டாம், மெதுவாக வளரும் வகையை விடாமல் கண்காணித்தாலே பலருக்குப் போதும். என் ஆராய்ச்சி முழுக்க இதுதான். இன்று வந்த தையல்காரர் கேட்டார்: "அப்போ திருடனை வீட்டுல வச்சுக்கிட்டே தூங்கச் சொல்றீங்களா, டாக்டரம்மா?"
"அவன் அசந்து தூங்குறான். அசைஞ்சா பிடிச்சுடுவோம்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 19
என் வீட்டுக்காரருடைய ரத்தப் பரிசோதனையில், புராஸ்டேட் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருக்கிறது. வயதாலும் கூடும், கிருமித் தொற்றாலும் கூடும். ஊருக்கெல்லாம் சொல்வதை இன்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். மண்டையில் ஏறவில்லை.

ஏப்ரல் 8
புற்றுநோய்தான். சிறியது, மெதுவாக வளரும் வகை. திசுவைச் சோதித்த தோழி போனில் சொன்னாள்: "பயப்படாதேடி. உன் ஆய்வுல சேர்த்துக்குற மாதிரிதான் இருக்கு."
ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஆறவில்லை.

ஏப்ரல் 9
சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாங்க."
இவர் கணக்கு வாத்தியார். நிதானமாகக் கேட்டார்: "என்னை மாதிரி வேற ஒருத்தர் வந்தா என்ன சொல்லுவே?"
"கண்காணிக்கலாம்னு."
"அப்போ ஊருக்கு ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சா?"
தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 10
என்ன பயம் இது? இத்தனை வருஷம் சேர்த்த ஆதாரமெல்லாம் எங்கே போச்சு? மத்தவங்க புருஷன்னா சதவீதம், என் புருஷன்னா மட்டும் உசுரா? – அதை இன்னிக்கே வெட்டி எறியணும் போல இருக்கு.

ஏப்ரல் 15
துறைத் தலைவரிடம் போனேன். "இவரை நீங்களே பாருங்க சார். என்னால முடியல."
"சரிம்மா. இந்த ஒரு கேஸ்ல நீ டாக்டர் இல்ல, பொண்டாட்டி. கூட வந்து உட்காரு, அது போதும்."
உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இவர் கண்காணிப்பையே தேர்ந்தெடுத்தார். வாயைத் திறக்காமல் இருந்தது பெரும்பாடு.

ஜூலை 22
மறு பரிசோதனை. பி.எஸ்.ஏ.யில் மாற்றமில்லை.

அடுத்த ஆண்டு, மே 21
இரண்டாவது திசுப் பரிசோதனை. நோயின் வீரியம் கூடிவிட்டது. வேகமாக வளரும் செல்கள் தெரிகின்றன.
"இப்போ எடுத்துடலாம்" என்றார் இவர், என்னை முந்திக்கொண்டு.
"அன்னைக்கே எடுத்திருந்தா..."
"ஒரு வருஷம் எந்தக் குறையும் இல்லாம இருந்தேனே, அதைக் கணக்குல சேர்க்க மாட்டியா?"
அழுதேன். அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 12
துறைத் தலைவர் அறுவை அரங்கிலிருந்து வந்து முகக்கவசத்தை இறக்கினார். "பார்த்த வரைக்கும் நோய் சுரப்பியைத் தாண்டின மாதிரி தெரியலம்மா. திசு ரிப்போர்ட் வரட்டும்."
இவரைப் பார்க்க உள்ளே போனேன்.

ஜூன் 24
திசு ரிப்போர்ட் வந்துவிட்டது. தாண்டவில்லை. வெட்டியெடுத்த ஓரங்களிலும் நோய் இல்லை. வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஜூலை 30
இருமினால் சிறுநீர் கசிகிறது. நாற்காலியிலிருந்து எழுந்தாலும் கசிகிறது. பஞ்சுப் பட்டையை மாற்றக் குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறார்.
"நான் வரட்டுமா?"
"வேணாம். போ."
இதுவரை என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். 'சில மாதங்கள் கசிவு இருக்கலாம்' – என் கட்டுரையில் அது ஒரே வரி.

ஆகஸ்ட் 18
இடுப்புத் தசைப் பயிற்சியைச் சிரத்தையாகச் செய்கிறார். கசிவு குறைந்திருக்கிறது. தாம்பத்தியத்தைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார்: "வருமா?"
"வரலாம். வராமலும் போகலாம்."
"டாக்டரா சொல்றியா?"
"ஆமா."
"பொண்டாட்டியா?"
"பக்கத்துலதானே படுத்திருக்கேன்."
என் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

அக்டோபர் 6
இவருடைய பி.எஸ்.ஏ. கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது.

இன்று புதிதாக ஒரு லாரி ஓட்டுநரும் மனைவியும் வந்தார்கள். மெதுவாக வளரும் வகைதான், கண்காணிக்கலாம் என்றேன். அவர் தலையாட்டினார். அந்த அம்மாள் அசையவில்லை. கணவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்குன்னா சும்மா இருப்பீங்களா?"

"அவருக்கும் இதே நோய் வந்துச்சு. சும்மாதான் இருந்தோம். என்னாலதான் இருக்க முடியல. அப்புறம் வேகமா வளர ஆரம்பிச்சுது, நேரத்தோட தெரிஞ்சுது, எடுத்தோம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போ எப்படி இருக்காரு?"

"எல்லாமே பழையபடி ஆயிடல. இன்னிக்குத்தான் மறுபடி பள்ளிக்கூடம் போயிருக்காரு" என்றேன்.

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க. நாங்க எப்பப்போ வரணும்?"