மேடையில் இடமில்லை

தஞ்சோங் பகார், சிங்கப்பூர்
1326 ரஜப் பிறை 12

என் கண்மணி பரீதாவுக்கு உன் உம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் வாப்பாவும் ருக்கையா மாமியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். உன் கடிதம் வந்தது. அடுப்பு மேடையை மூன்று தரம் துடைத்தாலும் உன் மாமியார் விரலால் தடவிப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில், உம்மா, பிரசவத்துக்கு நான் அங்கே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்கு வருகிறவள் கேட்டுக்கொண்டா வருவாள், என் பெற்ற வயிறு எரிகிறது மகளே. மேடையைச் சுத்தமாக வைத்துக்கொள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று போன கடிதத்தில் நான்தான் எழுதினேன். அது பொய், தெரிந்தே எழுதினேன்.

நான் இந்த மாடிக்கு ஏறி வந்து இருபத்தொரு வருஷம். கீழே நம் கடையில் ஆண்கள் வந்துபோகிறார்கள் என்று படியில் கால் வைக்க விடுவதில்லை, உன் நிக்காஹுக்கு அடுத்த வீட்டுக்குப் போனதுதான் கடைசி. குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மேடையில் ஒரு கரண்டி கிடக்கக் கூடாது என்பது ருக்கையா மாமியின் சட்டம், உனக்குத் தெரியாததா, ஆணம் கொதிக்கும்போதே உப்புச் சாடியைச் சாமான் அறையில் வைத்துவிட்டு, உப்புப் போதவில்லை என்றால் திரும்பப் போய் எடுத்து வர வேண்டும். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே போய்விட்டது, இன்றுவரை நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உன்னை அழைத்து வரலாம் என்று வாப்பாவிடம் சொன்னேன். மாமி குறுக்கே வந்து, எங்க படுக்க வைக்கப் போறே, இருக்கிறது அந்தச் சாமான் அறை ஒண்ணுதான், அதுல உள்ளதை மேடையிலயா கொண்டு வைப்பே என்று கேட்டார்கள். வாப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே லாத்தா சொல்றதும் சரிதானே என்றார்கள். அவர்கள் கெட்டவரில்லை, அக்காள் முன்னால் நாக்கு எழும்பாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாமி மவ்லூது ஓதும் வீட்டுக்கு ரிக்‌ஷா ஏறிப் போனார்கள். நான் அரிசிப் பானை, வெங்காயக் கூடை, புளிச் சாடி, நெய் டின், கருவாடு எல்லாவற்றையும் அள்ளி ஜன்னல் உயரத்துக்கு மேடையில் அடுக்கிவிட்டு, அறையைக் கழுவிப் பாய் விரித்தேன். திரும்பி வந்த மாமி உனக்குப் பைத்தியமா என்று கத்தினார்கள். பரீதா வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். வாப்பா மேலே வந்து மேடையைப் பார்த்தார்கள், அறையைப் பார்த்தார்கள், திரும்பக் கடைக்கு இறங்கிப் போனார்கள். இன்றோடு நாலு நாள். மாமி ஒரு சாடியை உள்ளே கொண்டு வைத்தால் நான் அதை எடுத்து வெளியே வைக்கிறேன். அவர்கள் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை, சாடிதான் போய்ப் போய் வருகிறது.

நோன்புக்கு முன்னால் மாப்பிள்ளையே உன்னைக் கொண்டுவந்து விடட்டும், அது நம் வழக்கம், உன் மாமியாருக்கும் தெரியும். துறைமுகத்தில் வந்து நிற்க எனக்கு வழியில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே. கப்பலில் வெறும் வயிற்றோடு இருக்காதே. அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் ஈமானோடும் நீண்ட ஆயுளோடும் வைக்கட்டும். எத்தனை நாள் நான் இப்படிச் சாடியை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருக்க முடியும் என்று தெரியவில்லை மகளே. பதில் எழுத உட்காராதே, புறப்படு.

உன் உம்மா
சம்சுன்னிசா