துபாயில் நடக்கும் உள்ளூர் ஆட்டம்

துபாய்,
15.2.2008, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் விஜிக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரைகூடப் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, மனசுதான் மூன்று வாரமாக ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீ விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இடது கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டதா, அம்மா ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு வந்து உன்னைப் பார்த்தாளா, ஒன்றும் தெரியவில்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. எடுத்து டொக்கென்று வைத்தாலாவது, சரி, மகள் கோபமாக இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதுவும் இல்லை என்றதும் பேனாவை எடுத்துவிட்டேன். கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

இதை பஸ்ஸில் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலேஜ் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் கேட்கிறது, ஆட்டம் தெரியவில்லை. நான் ஏன் உள்ளே போகாமல் இங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அல் ஐனில் எங்கள் காலேஜ் மைதானத்தைப் புதுப் புல் போடுவதற்காக அக்டோபரில் கொத்திப் போட்டார்கள், இன்னும் கொத்தினபடியே கிடக்கிறது. அதனால் இந்த வருடம் எங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஹோம் மேட்ச் எல்லாம் துபாயில்தான் என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு வருகிறேன், பையன்கள் ஜன்னலில் தலையை முட்டித் தூங்கிக்கொண்டு வருகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் என்று பேர். வெளியூர் அணி என்று பேர் வைத்திருக்கிற எதிர் அணிக்காரர்களோ பத்து நிமிடத்தில் காரில் வந்து இறங்குகிறார்கள், அப்பா அம்மா தங்கை சித்தப்பா, கூடை நிறையச் சாப்பாடு. நம் பக்கத்து இருக்கைகளில் நான், தண்ணீர்ப் பெட்டி, கழற்றிப் போட்ட செருப்புகள். பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

நம் சோலைமுத்து மாமாவை உனக்குத் தெரியும், பெரியகுளக்கரை வீடு, போன வருடப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது உனக்குக் கைக்கடிகாரம் கொண்டுவந்து கொடுத்தாரே அவர்தான். அவர் இங்கே துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருக்கிறார், சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் அவர்களுக்கு லீவு. அவரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "ஆளுதானே வேணும், எத்தனை பேரு வேணும்னு சொல்லு. வெள்ளிக்கிழமை ரூம்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஃபேனையேதான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். எங்கள் கோச் எகிப்துக்காரர், சிரிக்கத் தெரியாத மனிதர். அவரே சரி என்றார். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி பையன்களை மைதானத்தில் இறக்கிவிட்டு சோனாப்பூர் போய் முப்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தேன். எல்லாரும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். நம் ஆட்களுக்கு ஒரு விளையாட்டு பிடித்துவிட்டால் கையைத் தட்டுவதோடு நிற்குமா? விசில்தான். சினிமாக் கொட்டகையில் அடிக்கிற மாதிரி இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்து அடிக்கிற விசில். எதிர் அணிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பையன்கள் நெஞ்சை நிமிர்த்தி ஓடினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆறாம் நம்பர் பையன் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடினான். எதிரில் கோல் கீப்பர் ஒருவன்தான். ஒரு உதை உதைத்தால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு விசில், நீளமாக, காதைக் கிழிக்கிற மாதிரி. பையன் ரெஃபரி ஊதிவிட்டார் என்று நினைத்துப் பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிட்டான். ரெஃபரி ஊதவே இல்லை. பின்னால் ஓடி வந்தவன் பந்தைப் பிடுங்கி அந்தக் கோடிக்கு அடித்தான், அங்கே இருந்தவன் நம் கோலில் போட்டுவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்ஜியம். கோச் எங்கள் இருக்கைகளுக்கு ஏறி வந்து யார் அடித்தது என்று கேட்டார். சோலைமுத்து எழுந்து, "நான்தான் சார், தெரியாம அடிச்சிட்டேன்" என்றார். கோச், "கலாஸ், மாஃபி விசில், மாஃபி ஆட்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார், முடிந்தது, இனி விசிலும் கிடையாது ஆட்களும் கிடையாது என்று அர்த்தம். முப்பத்திரண்டு பேரையும் திரும்பக் கேம்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன்.

விஜி, அந்த விசிலை அடித்தது நான். அம்மாவைக் கேட்டுப் பார், கல்யாணத்துக்கு முன்னால் டூரிங் கொட்டகையில் நான் அடித்தால் ரோட்டுக்குக் கேட்கும். சோலைமுத்துவுக்கு அது யாருடைய விசில் என்று தெரியும், என் டிரைவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று பழியை ஏற்றுக்கொண்டார். நான் தலையைக் குனிந்து பஸ் சாவியைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்று மாலை அல் ஐன் திரும்பி பஸ்ஸை நிறுத்தியதும்தான் உன் போன் வந்தது. சென்னையில் ஒரு மாதம் பயிற்சி கேம்ப், பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு எடுத்திருக்கிறார்கள், படிவம் தபாலில் வந்ததா, கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டாய். ஊரே பார்க்க அரை டவுசர் போட்டுக்கொண்டு ஓடவா உன்னைப் படிக்க வைக்கிறேன் என்று கத்தினேன். கோபம் உன் மேல் இல்லை, என் மேல்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய் எழுதக்கூடாது. உன் மேலும் இருந்தது. நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது, இப்போதும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. உன் படிவம் மூன்று வாரமாக டாஷ்போர்டில் கிடக்கிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன், பச்சை விழுந்ததும் உள்ளே போட்டுவிடுவேன். மூலையில் ஆயில் கறைகூடப் பட்டுவிட்டது.

இன்று வரும் வழியில் அந்த ஆறாம் நம்பர் பையன் என் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கோழிக்கோட்டுப் பையன், தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான், அப்பா ரியாத்தில் பத்தா கடைத்தெருப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிறார். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, கண்ணாடியில் அவனைப் பார்த்து, தம்பி, அன்றைக்கு விசில் அடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னான், "அங்கிள், ரெஃபரியைப் பாக்காம நின்னது என் தப்பு. பட்சே ஹோம் மேட்ச் ஆடுறோம்னு எனக்குத் தோணினது அந்த ஒரு நாள்தான்." அவன் மூன்று வருடமாக ஆடுகிறானாம், அவன் அப்பா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லையாம். அவன் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் ரோடு மங்கலாகிவிட்டது, ஓரமாக நிறுத்தி முகத்தைக் கழுவிக்கொண்டு ஓட்டினேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து எட்டு வருடமாக ஆடுகிறாய். நான் எத்தனை ஆட்டம் பார்த்திருக்கிறேன் என்று நீ எண்ண வேண்டாம், எனக்கே தெரியும்.

துபாய் வந்ததும் கோச்சிடமும் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சோனாப்பூர் ஆட்களை இன்று கூட்டி வா, கைதட்டல் மட்டும், டிரைவர் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். இருந்தாலும் இது இந்த வருடத்தின் கடைசி ஹோம் மேட்ச், தோற்றால் அடுத்த சுற்று கிடையாது, எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது சோலைமுத்து கேட் வரைக்கும் ஓடி வந்து ஒன்றுக்கு ஒன்று என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவில் இதுவரைக்கும் நான்கு தடவை எழுந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டேன். டயர் நன்றாகத்தான் இருக்கிறது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். திங்கள்கிழமைதான் கடைசி நாள் என்று போட்டிருக்கிறது. அல் ஐனில் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மான் பாய் நாளைக்குக் காலை விமானத்தில் ஊருக்குப் போகிறார். உன் விடுதி வாசலில் கொடுத்துவிட்டுத்தான் அதிராம்பட்டினம் பஸ் ஏறுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். விமானம் தாமதமாகிவிடுமோ, விடுதி வாட்ச்மேன் வாங்க மாட்டேன் என்பாரோ என்று அதற்கும் ஒரு பதைப்பு. கையில் கிடைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, பேச வேண்டாம், அது போதும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவள் கத்தினால் நீ வாயைக் கொடுக்காதே. சென்னையில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கணுக்காலுக்குப் பட்டை கட்டாமல் இறங்காதே. டவுசர் விஷயத்தில் நான் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன், கொஞ்சம் நீளமாகக் கிடைத்தால் பார்.

ஏப்ரலில் உன் போட்டிக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். மாற்று டிரைவர் கிடைத்தால் பார்க்கலாம் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பதில் தெரியும். இப்போது உள்ளே பெரிய கைதட்டல் கேட்கிறது. நம் ஆட்களுடையதா அவர்களுடையதா என்று இங்கிருந்து புரியவில்லை. விரல் தானாக வாய்க்குப் போகிறது, மடக்கி வைத்திருக்கிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், காலில் அடி படாமல், நினைத்தது நடந்து நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஏப்ரலில் நீ பந்தோடு ஓடும்போது நீளமாக ஒரு விசில் கேட்டால் நின்றுவிடாதே, ஓடு. அது ரெஃபரி இல்லை, நான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நாகலிங்கம்.