நெத்தோலியைக் குவித்தவள்

அக்கா,

இன்று காலை எங்கள் மலைமேல், சோளக்காட்டுச் சந்தையில் ஒரு கருவாட்டுச் சாக்குக்கு முன்னால் நின்றுவிட்டேன். மிளகும் வாழைப்பழமும் பலாவும் விற்கிற வரிசையில், கீழேயிருந்து பஸ் ஏறி வாராவாரம் வருகிற அம்மா ஒருவர் நெத்தோலியைக் கொட்டி வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளி மோந்தேன். ஒரு நாள் வெயிலிலும் மறுநாள் காற்றிலும் காய்ந்த நல்ல சரக்கு. கீழே வைக்க மனமில்லாமல் மறுபடியும் மோந்தேன்.

"ஏனுங்க நர்சம்மா, வாங்கறீங்களா, இல்ல மோந்தே வயித்த ரொப்பிக்கறீங்களா?" என்றார் அந்த அம்மா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். உயிரோடு இருந்தபோதும் நான் எழுதவில்லையே, அதற்கு இது பரவாயில்லை.

குமரிக் கடற்கரையில் இருந்த உங்கள் சின்ன ஊருக்கு நான் மாற்றலாகி வந்தது ஓர் ஆனி மாதம். கடலைப் பார்க்கும் ஆசையோடு வந்தவளுக்கு மேகம்தான் கிடைத்தது. முதல் வாரம் முழுக்கச் சூரியனையே காணோம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. மலைக்காரிக்கு மேகம் புதிதில்லை. ஆனால் எங்கள் மேகம் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். உங்கள் ஊர் மேகமோ மாமியார் வீட்டில் தங்கிவிட்ட மாப்பிள்ளை போல, பெய்யவும் பெய்யாமல் போகவும் போகாமல் உட்கார்ந்திருந்தது. இது ஏன் இப்படி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். மருந்து வாங்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. காலையில் உங்களுக்கும் எதிர்வீட்டு ரெஜினாவுக்கும், அதாவது உங்கள் வீட்டுக்காரரின் தங்கைக்கும், நடுமுற்றத்தில் யார் எதுவரை மீன் காயப்போடுவது என்று பெரிய சண்டை. சண்டையை முடிக்காமலே இருவரும் பூசைக்குப் போனீர்கள். தெருவில் ஆள் இல்லை. வாடகை வீட்டு ஜன்னல் வழியாக நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் கறுத்து இறங்கியது.

மலையில் எங்கள் திருப்புலி நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் மிளகோ கேழ்வரகோ காயும்போது மேகம் இறங்கினால், அந்தப் பக்கம் யார் போகிறார்களோ அவர்கள் கூட்டிக் குவித்து மூடிவிடுவார்கள். யார் வீட்டுது என்று கேட்பதில்லை. பகையாளி வீட்டுக் களமானாலும் குனிந்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கும் கை பரபரத்தது. ஓடிவந்து, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த உங்கள் நெத்தோலி முழுவதையும் கூட்டிக் குவித்தேன். மூடுவதற்கு ரெஜினா வீட்டுச் சுவரில் கிடந்த தார்ப்பாயை உருவினேன். நான்கு பக்கமும் கல் வைத்துவிட்டு, புது ஊரில் முதல் புண்ணியம் செய்த திருப்தியோடு டியூட்டிக்குப் போனேன்.

மழை பெய்யவே இல்லை. நீங்கள் பூசை முடிந்து அப்படியே பக்கத்து ஊருக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்விட்டீர்கள். பூசை முடிந்து வந்த ரெஜினா, தன் தார்ப்பாயை நீங்கள் கேட்காமல் எடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து, வீம்புக்குத் திரும்பியும் பார்க்கவில்லை. அரைகுறையாகக் காய்ந்த மீன் பகல் முழுக்க மூட்டத்தில் வெந்து, சாயங்காலம் தெருமுனைவரை நாறியது.

நீங்கள் வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த அந்தக் கணம் நான் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தார்ப்பாய் யாருடையது என்று பார்த்தீர்கள். எதிர்வீட்டு வாசலுக்குப் போனீர்கள். "நாசமாக்கணும்னு நெனச்சு செஞ்சிட்டல்லா? இனி செத்தாலும் ஒனக்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்றீர்கள். "நான் இல்ல மைனி, சத்தியமா நான் இல்ல" என்று ரெஜினா அழுதார். அண்ணன் மனைவியை அங்கே மைனி என்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வாயைத் திறக்க எனக்குப் பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நீங்கள் புட்டும் மீன்கறியும் கொண்டுவந்து நின்றீர்கள். "தனியா வந்த புள்ள, என்னத்தத் தின்னியோ" என்றீர்கள். தின்றேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் நீங்கள் என்மேல் வைத்த பிரியம் கூடக்கூட, அந்த 'நாளைக்கு' தள்ளித் தள்ளிப் போனது. நான்கு வருடம்.

அந்த நான்கு வருடத்தில் நாம் எவ்வளவு பேசியிருப்போம்! உங்களைப் போலக் கேள்வி கேட்கிற ஆளை நான் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

"மக்களே, ஒங்க ஊருல மேகம் வீட்டுக்குள்ள வருமாமே, உள்ளதா?"

"வருமுங்க்கா. கதவு தொறந்திருந்தா அடுப்படி வரைக்கும் வரும்."

"வந்துட்டு?"

"போயிருமுங்க."

"சும்மாவா வந்துட்டுப் போவுது? ஒரு வாய் காப்பி குடுக்கப்பிடாதா?" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். பிறகு என் பேச்சைக் கிண்டல் செய்வீர்கள். "ஒரு நாளைக்கு எத்தன 'ங்க' போடுத நீ? கொஞ்சம் மிச்சம் வச்சுக்க."

நான் பதிலுக்குக் கேட்பேன். காற்று தெற்கே திரும்பியது எப்படித் தெரிகிறது? மேகம் இருந்தால் மீன் எப்படிக் காய்கிறது? "மேகம் என்னத்துக்கு? காத்து இருக்குல்லா!" என்று நீங்கள் சொன்ன அன்று எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஏன் குனிந்தாள் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

ரெஜினாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. ரெஜினா இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பந்தல், இந்தப் பக்கம் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு. நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டீர்கள்: "பாயசம் எத்தன?"

"மூணுங்க்கா."

"பொண்ணு என்ன கலரு சேல?"

சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை. அன்று ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. இப்படி ஒரு பாவியா நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாளும் சொல்லவில்லை.

மலைக்கே திரும்ப மாற்றல் ஆர்டர் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்புகிற காலை. ஆட்டோ பத்து மணிக்கு. நீங்கள் தினத்தாளில் நெத்தோலி பொதிந்துகொண்டிருந்தீர்கள். இப்போது விட்டால் இனி இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குவித்தது நான்தானுங்க்கா, மழை வரும் என்று நினைத்தேன், எங்கள் ஊர் வழக்கம் அது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

உங்கள் கை நின்றது. "தார்ப்பாய எடுத்ததும் நீதானா?"

"ஆமாங்க்கா."

எழுந்தீர்கள். நூலைப் பாதி சுற்றிய பொதி தரையில் கிடந்தது. முற்றத்தைக் கடந்து ரெஜினா வீட்டுக்குள் போனீர்கள். நான் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். நீங்கள் வெளியே வரவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பொதியை எடுக்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டு ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

மூன்று வருடம் உங்கள் ஊரை நினைத்து ஏங்கினேன். இங்கே மேகம் வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும்போது, பெய்யாத அந்த மேகத்தைத் தேடினேன். லீவு போட்டுவிட்டு வரலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். போனில் உங்கள் நம்பர் இருந்தது. என்னை வெறுத்துவிட்ட ஒருவருக்கு எப்படிப் போன் செய்வது?

கடைசியில் போன் வந்தது ரெஜினாவிடமிருந்து. உங்களுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, பஸ் மாறி மாறி நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ரெஜினா என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். நான் கேட்டேன், நான் கிளம்பிய அன்றைக்கு அக்கா உங்கள் வீட்டில் என்ன செய்தார், என்னை அவ்வளவு நேரமா திட்டினார் என்று.

ரெஜினா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"திட்டவா? வந்து வாசல்ல நின்னா. ஒண்ணும் சொல்லல்ல. 'புள்ளைக்க கல்யாண வீடியோ இருக்காடீ'ன்னு கேட்டா. போட்டேன். மூணு மணிக்கூர் வீடியோ. பந்தி வரைக்கும் அழுதுகிட்டே பாத்தா, இருந்த எடத்த விட்டு அனங்கல்ல. பெறவுதான் ஒன் நெனப்பு வந்து ஓடிப் போனா. நீ போயிட்ட."

ரெஜினாவே மேலே சொன்னார்: "'அந்தப் பொதியக்கூட எடுக்காம போயிட்டால்லா, எம்மேல எம்புட்டு கோவம் இருக்கும் அவளுக்கு'ன்னு சொல்லிச் சொல்லி வெசனப்படுவா. போன் பண்ணு மைனின்னு நான் சொன்னா, 'அவ எடுக்கல்லன்னா தாங்கமாட்டேன்'ன்னு சொல்லுவா."

அக்கா, நான் உங்களிடம் மேகத்தைப் பற்றிக் கேட்டேன், காற்றைப் பற்றிக் கேட்டேன், மீன் தூங்குமா என்றுகூடக் கேட்டேன். "கோவமாங்க்கா?" என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் மூன்று வருடத்தைக் கடலில் போட்டோம், நீங்கள் அந்தக் கரையிலும் நான் இந்த மலையிலும்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பெண் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டேன், "எம்மேல கோவமா சாமி?" என்று. "இல்லீங்க, பல்லு வலி" என்றாள். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்கியதும் எனக்கு உங்கள் நம்பர் ஞாபகம் வந்தது. இன்னும் அழிக்கவில்லை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு, நான்கு வருடம் என் பழியைச் சுமந்த ரெஜினாவிடமும் அதைக் கேட்டதில்லையே என்று அவருக்குப் போன் போட்டேன்.